விழுந்ததும் இல்லை, முளைத்ததும் இல்லை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தான் ஒருநாள் விடிகாலையில் ஒரு படம் போட்டார். பொற்றையடிப் பக்கம் ரோட்டோரம் நின்று யாரோ எடுத்த மருந்துவாழ்மலை. மேலே சிவப்பு எழுத்தில் 'குமரியில் உறங்கும் எரிமலை' என்று ஒட்டியிருந்தார்கள். 'இது எரிமலை இல்லை அத்தான்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் போனே வந்துவிட்டது. "பாத்தா தெரியலியாடே? சுத்தி வயக்காடும் தென்னந்தோப்பும். நடுவுல ஒத்தையா ஒரு மலை. அடியில இருந்து எதுவோ தள்ளாம அது அங்க எப்படி வந்துச்சு?" அத்தான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது கீழே விழுந்த துண்டுதான் மருந்துவாழ்மலை என்று எங்கள் ஆச்சி சொல்லும்போதெல்லாம், "சும்மா இரிங்க ஆச்சி" என்று சிரித்தவர்.

எரிமலை இல்லை என்று நிரூபிப்பது பெரிய காரியம் இல்லை. அத்தானின் கேள்விதான் என்னை விடவில்லை. ஆச்சியின் கதையும் அத்தானின் கதையும் ஒரே கேள்விக்கு இரண்டு விடை. ஆச்சிக்கு மலை மேலிருந்து விழுந்தது, அத்தானுக்குக் கீழிருந்து முளைத்தது. சமதளம்தான் இயல்பு, மலை வந்து சேர்ந்த சமாசாரம் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மகேந்திரகிரியைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 1600 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தும் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் வரிசையில் நிற்கிறது. வரிசையில் நிற்பவனிடம் யாரும் ஊர் பேர் விசாரிப்பதில்லை, தனியாக நிற்பவனைத்தான் விசாரிப்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை கிட்டத்தட்ட முடிந்துபோகிறது. முப்பந்தல் காற்றாலைகளை எல்லாம் சுற்றவிடும் காற்று வருகிற வாசல் அது. அதைத் தாண்டித் தெற்கே வந்தால் வயல், குளம், தென்னை, இடையிடையே பொற்றைகள் என்று நாங்கள் சொல்லும் சின்னச் சின்னப் பாறைக்குன்றுகள். கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இந்த மலை. நாராயண குரு பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தார், திருக்கார்த்திகைக்கு உச்சியில் தீபம் ஏற்றுவார்கள் என்பதெல்லாம் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல் சொல்லும் சாட்சி

முதலில் எரிமலை விவகாரத்தை முடித்துவிடலாம். எரிமலைக் குழம்பு வெளியே வந்து காற்றுப் பட்டதும் மளமளவென்று ஆறிவிடும். படிகங்கள் வளர நேரம் கிடைக்காது. அதனால் அந்தக் கல்லின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். மகாராஷ்டிரத்தில் பார்க்கும் தக்காணப் பாசால்ட் அப்படிப்பட்டது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கொட்டிய அந்தக் குழம்பு பெல்காம் பக்கத்தோடு நின்றுவிட்டது, நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நம்மூர்க் கல்லைப் புதிதாக உடைத்த முகத்தில் பாருங்கள். கருமையிலேயே ஒரு பச்சை, ஒரு நீலம். எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு. உற்றுப் பார்த்தால் மணி மணியாகத் துகள்கள் தனித்தனியே தெரியும். அரிசி அளவுக்கும், சில இடங்களில் விரல்நகம் அளவுக்கும் இருக்கும். மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஆழத்தில் வெந்த கல்லின் முகம் அது.

நாகர்கோவில் வட்டாரத்துப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். அதோடு கார்னெட் என்ற சிவப்பு மணிகள் கலந்த, வரிவரியான நைஸ் பாறை. பெயர் புதிதாகத் தெரிந்தாலும் கல் நமக்குப் பழக்கமானதுதான், கருங்கல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளும் இதே வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைமேல் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893ல் அந்தக் கல்லை ஆராய்ந்து எழுதியபோது இந்தப் பெயரைச் சூட்டினார். கல் போனது பல்லாவரத்தில் இருந்து, பெயர் வந்தது கல்கத்தாச் சமாதியில் இருந்து. செத்தவர் பெயரைத்தான் நம் மலைக்கல் சுமந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பாறை உருவாக 700, 800 டிகிரி வெப்பம் வேண்டும். மேலே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பாறையின் எடை அழுத்த வேண்டும். தண்ணீர் அநேகமாக இருக்கவே கூடாது, இருந்தால் பாறை உருகி வேறொன்றாகிவிடும். குமரிப் பகுதியில் இது கடைசியாக நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்து கோண்ட்வானா என்ற பெருநிலம் உருவான காலம். அந்த முட்டலில் எழுந்த மலைத்தொடரின் அடிவயிற்றில் வெந்ததுதான் இன்று நம் வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கும் கல். ஆக, மருந்துவாழ்மலையின் உச்சிப்பாறையில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவன் உண்மையில் ஒரு காலத்துப் பாதாளத்தில் நிற்கிறான். அவன் தலைக்குமேல் 20 கிலோமீட்டர் கல் இருந்தது. அது இன்று இல்லை.

இதை அத்தானுக்கு எழுதி அனுப்பினேன். பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் கேட்டார்: "சரிடே, எரிமலை இல்ல. ஆனா ஏன் ஒத்தையா நிக்கி?"

வெட்டாமல் விட்ட திட்டு

அந்தக் கேள்விக்குப் புத்தக விடை எனக்குத் தெரியும். ஆனால் அது மனசுக்குள் உட்காரவில்லை. 1900ல் போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் கிழக்கு ஆப்பிரிக்கச் சமவெளியில் இப்படித் தன்னந்தனியாக நிற்கும் மலைகளைப் பார்த்து 'இன்செல்பெர்க்', அதாவது தீவுமலை, என்று எழுதிவைத்தார். சுற்றியிருந்த நிலம் அரிக்கப்பட, கடினமான பகுதி மட்டும் மிஞ்சியது என்பது விளக்கம். படித்தால் புரிகிறது, மலையைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. கண் அப்படிப் பழகியிருக்கிறது. தரை நிற்கிறது, மலை எழுகிறது என்றுதான் அது பார்க்கும்.

கோடையில் ஒரு குளக்கரை வழியாகப் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். குளம் வற்றி, நூறு நாள் வேலைக்காரர்கள் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். நிழலுக்காக வண்டியை நிறுத்தினேன். வெட்டிய பரப்பு மேசைபோலச் சமமாக இருந்தது. நடுவில் அங்கங்கே இடுப்பளவுக்கும் குறைவாக மண்திட்டுகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அகலம். திட்டின் தலையில் காய்ந்த கோரைப்புல்லும் வெளுத்த நத்தை ஓடுகளும் அப்படியே இருந்தன. பக்கவாட்டில் மண்வெட்டியின் வெட்டு பளிச்சென்று தெரிந்தது. மேலே வெடித்த சாம்பல்நிற வண்டல், அதன் கீழ் ஈரக் கறுப்பு, அதற்கும் கீழே மஞ்சள் களி. சும்மாடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், "இதை மட்டும் ஏன்க்கா வெட்டாம விட்டுருக்கு?" என்று கேட்டேன்.

"அளவு எடுக்க ஆள் வருவாங்கல்லா? எம்புட்டு ஆழம் வெட்டிருக்குன்னு இத வச்சுத்தான் அளப்பாவ. இதையும் வெட்டிப் போட்டா நாங்க வேல செஞ்சதுக்கு என்ன சாட்சி?"

எனக்கு அந்த நிமிஷம் மலை புரிந்தது. அந்தத் திட்டை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அடியிலிருந்து அது முளைக்கவும் இல்லை. அதற்கு எதுவுமே நடக்கவில்லை. நடந்ததெல்லாம் சுற்றி நடந்தது. அதைப் பார்த்து 'இது எப்படி இங்கே வந்தது' என்று கேட்பவனிடம் அக்கா சிரிப்பார். கேட்க வேண்டிய கேள்வி, மற்ற மண் எல்லாம் எங்கே போனது என்பது. நான் கரையில் நின்றபடியே வடகிழக்கே பார்த்தேன். தென்னைகளுக்கு மேலே மலையின் தலை தெரிந்தது. இதுநாள்வரை அந்த மலையின் உயரம் மலையுடையது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது நான் நிற்கும் தரையின் ஆழம். சுசீந்திரம், தேரூர், சாமிதோப்பு, கொட்டாரம் எல்லாம் குழிக்குள் இருக்கின்றன. நாஞ்சில் நாடே வெட்டி எடுத்த பள்ளம், மலைதான் பழைய தரையின் மிச்சம்.

இந்த உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. மலையுச்சி அந்தத் திட்டின் தலைபோலப் பழைய தரையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கவில்லை, அதுவும் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது, மெதுவாக. தவிர, குளத்தில் எந்த இடத்தை விடுவது என்று மனிதர்கள் முடிவு செய்தார்கள். இங்கே யார் முடிவு செய்தது?

விரிசல்கள்தான். கருங்கல் என்றால் எல்லாம் ஒரே கெட்டி என்று நினைக்கிறோம். கல் உடைக்கிறவர்களிடம் கேட்டால் தெரியும், எந்தப் பக்கம் உளி வைத்தால் பிளக்கும், எந்தப் பக்கம் வைத்தால் உளிதான் மழுங்கும் என்று பாறையைத் தடவியே சொல்வார்கள். ஆழத்தில் இருந்த பாறை மேலே வர வர அழுத்தம் குறைந்து வெடிப்புகள் விழுகின்றன. சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் பல அடிக்கு ஒன்று. நெருக்கமாக இருக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் புகுந்து தங்கும். நம்முடையது இரண்டு பருவமழையும் தொடும் மாவட்டம், தண்ணீருக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லை. அந்த ஈரத்தில் கல்லுக்குள் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறும். வீட்டுக்குக் கிணறு தோண்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பார்க்கக் கல்போல வரியும் புள்ளியும் இருக்கும், கடப்பாரையால் தொட்டால் உதிரும். கல் உள்ளுக்குள்ளேயே மண்ணாகிவிட்டது. பிறகு ஆறும் ஓடையும் அந்த மண்ணை வாரிக்கொண்டு போகும். விரிசல் குறைந்த இடத்திலோ தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். ஈரம் தங்காத பாறை அழுகுவதில்லை. ஒருமுறை தலை தூக்கிவிட்டால் அதற்குப் பிறகு அதன்மேல் விழும் மழை எல்லாம் அடிவாரத்துக்கு ஓடி, அங்கே உள்ள கல்லை இன்னும் வேகமாக அழுகவைக்கும். மலைக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் தானாகவே கூடிக்கொண்டு போகும். உலகம் முழுக்க இப்படிப்பட்ட மொட்டைப்பாறைகள் தேயும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். பல இடங்களில் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர்தான்.

மலையில் ஏறும்போது கவனித்தால் இந்த வேலை நடப்பது கண்ணுக்கே தெரியும். பெரிய பாறைச் சரிவுகளில் மேல்தோல் கனத்த தகடாக உரிந்து, அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கையால் தட்டினால் சில இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்கும். உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதும் யாரோ தூக்கி அடுக்கியது இல்லை. மண்ணுக்குள் மூலைகள் அழுகி உருண்டையாகி, மண் போனதும் வெளியே வந்தவை. மருந்துச் செடி இங்கே இத்தனை வகை வளர்வதற்கும் இதில் ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சுட்டெரிக்கும் மொட்டைப்பாறை, பாறையிடுக்கில் ஒரு கைப்பிடி மண், நாள் முழுக்க நிழல், கடற்காற்று அடிக்கும் பக்கம், அடிக்காத பக்கம் என்று ஒரே மலையில் பத்து விதமான இடங்கள். கள்ளிக்கு ஒன்று, நன்னாரிக்கு ஒன்று. அனுமார் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அவர் வராமலும் இது நடக்கும் என்கிறேன்.

போன மண் போன இடம்

அக்காவின் குளத்தில் வெட்டிய மண் கரையில் கொட்டிக் கிடந்தது. நாஞ்சில் நாட்டுப் பள்ளத்தில் இருந்து போன மண் எங்கே? களிமண் கடலுக்குள் வெகுதூரம் போய்ப் படிந்துவிட்டது. பாறைக்குள் சிறுபான்மையாக இருந்த கனமான மணிகள்மட்டும் அவ்வளவு எளிதில் போகவில்லை. பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் மருந்துவாழ்மலைப் பாதையில் போனால், பாறைச் சரிவில் தண்ணீர் வழிந்த தடத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு கிழித்ததுபோல மணல் நிற்கும். வெள்ளை மணலைத் தண்ணீர் முன்னே தள்ளிவிட்டு, கறுப்பையும் திராட்சைச் சாற்று நிறத்தையும் பின்னே விட்டிருக்கும். அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் போட்டு, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கறுப்பில் சில துள்ளி ஒட்டிக்கொள்ளும். சிவப்பு மணி கார்னெட்.

இதே சலிப்பு வேலையைப் பெரிய அளவில் கடல் செய்யும் இடம் மணவாளக்குறிச்சி. வள்ளியாறு கொண்டுவந்து சேர்ப்பதை அலை அள்ளி அள்ளிப் போட்டு, எடை குறைந்ததை இழுத்துக்கொண்டு எடை கூடியதைக் கரையில் விட்டுவைக்கிறது. இல்மனைட், ருட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் என்று கனமான கனிமங்கள். 1909ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார் என்பது பிரசித்தமான கதை. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதால் அதற்குப் பிறகு அந்த மணலுக்கு வந்த மவுசும், எடுக்கலாமா கூடாதா என்று இன்றுவரை ஓடும் சண்டையும் தனிக்கதை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கன்னியாகுமரிக் கடற்கரையில் கலர் கலராகப் பொட்டலம் கட்டி விற்ற மணல் எல்லாம் காணாமல் போன மலைகள். கரைந்துபோன உடம்பின் எலும்பு அங்கே ஒதுங்கியிருக்கிறது.

விவேகானந்தர் பாறையும் இந்தக் குடும்பம்தான். படகில் போகிறவர்கள் அதைக் கடலில் முளைத்த பாறை என்று நினைக்கிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அன்றைக்குக் குமரிக் கரை தெற்கே வெகுதூரம் தள்ளி இருந்திருக்கும். இப்போது கண்ணாடிப் பாலம் போட்டுச் சேர்த்திருக்கும் இரண்டு பாறைகளும் தரையில் நின்ற இரண்டு பொற்றைகள். பனி உருகிக் கடல் ஏறியதும் அவை தீவாகிவிட்டன. (உடனே யாராவது குமரிக்கண்டம் என்று கை தூக்குவார்கள். மூழ்கியது கண்டம் இல்லை, கரையோரத்து மேட்டுநிலம். அதுவே போதுமான அளவுக்குப் பெரிய சங்கதி.)

அத்தான் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாத்தியார் கேள்வி கேட்டார்: "அப்போ மருந்துவாழ்மலையும் ஒருநாள் இல்லாம போயிருமா?" போகும் அத்தான், சில கோடி வருஷம் ஆகும் என்றேன். அவர் சிரித்தார். "அதுவரைக்கும் கிரஷர்காரன் சும்மா இருப்பானா?"

அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. மாவட்டத்தின் உள்பகுதிகளில் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும், நேற்றுவரை பொற்றை இருந்த இடத்தில் இன்று செங்குத்தான சுவரும் அடியில் பச்சைத் தண்ணீரும் இருக்கும். ஆற்றுமணல் போய், கல்லை அரைத்துச் செய்யும் எம்சாண்ட் வந்தபிறகு வீடு, ரோடு, பாலம், துறைமுகம் எல்லாவற்றுக்கும் இதே கல்தான். ராத்திரி முழுக்க டிப்பர் லாரிகள் மேற்கே ஓடுகின்றன. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற கணக்கில் தேய்ந்துகொண்டிருந்ததைப் பத்து வருஷத்தில் தரையோடு தரையாக்கலாம். அதற்கும் கீழே தோண்டலாம்.

ஆனால் மருந்துவாழ்மலையில் வெடிவைக்க வேண்டும் என்று யாருக்கும் லேசில் தைரியம் வராது. அனுமார் இருக்கிறார், சித்தர்கள் இருக்கிறார்கள், குரு உட்கார்ந்த குகை இருக்கிறது, அடிவாரத்தில் கோவில் இருக்கிறது, பௌர்ணமிக்குச் சுற்றிவரும் ஜனம் இருக்கிறது. நான் சொன்ன 55 கோடி ஆண்டுக் கணக்கைக் கேட்டு எந்த லாரியும் நிற்கப்போவதில்லை. ஆச்சியின் கதை நிறுத்தியிருக்கிறது. சிதறால் மலையில் சமணர் படுக்கை இல்லையென்றால் அந்தப் பாறையின் கதி என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். கதை கிடைக்காத பொற்றைகள்தான் முதலில் போகின்றன. அவையும் அதே கல், அதே வயது, அதே பழைய தரையின் மிச்சம். சாமி இல்லை, குகை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தானும் நானும் இப்போது ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் வரைபடத்தில் பெயர் போடாத பொற்றைகளைக் குறித்துக்கொண்டு வருகிறோம். எங்கே இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மேலே என்ன வளர்கிறது, வெட்டு விழுந்திருக்கிறதா இல்லையா. கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர்ப் பொற்றையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எரிமலை என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், அத்தான் இப்போது ரொம்பக் கண்டிப்பாக இருக்கிறார்.